குத்தகைப் பதிவை விடலாமா, வைத்திருக்கலாமா? டெல்டாவில் நிலம் பிடிக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

அப்பா காலத்தில் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் பதிவான குத்தகை நிலத்தைச் சாகுபடி செய்யும் குடும்பங்களுக்கு மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. நிலத்துக்காரரின் பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். விற்க நினைக்கிறார்கள். குத்தகைப் பதிவு உள்ள நிலத்தை முழு விலை கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே தரகர் வீட்டுக்கு வருகிறார்: "மூணுல ஒரு பங்கை உங்க பேருக்கே எழுதிடறோம். மீதிக்குப் பதிவை விட்டுக் கொடுத்துடுங்க. அதுக்கு மேலயும் சாகுபடி பண்ணணும்னா வாய்க்குத்தகையா பேசிக்கலாம்."

வாய்க்குத்தகை என்றால் காகிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் முடிவது. பட்டா சொந்தப் பெயரில் வருகிறது என்றதும் பல வீடுகளில் உடனே தலையாட்டி விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் பதிவு என்ன மதிப்புப் பெறும் என்பதை இரண்டு வழியில் கணக்குப் போட வேண்டும். ஒன்று மூட்டைக் கணக்கு. மற்றொன்று, அந்தப் பதிவு எதற்காக வந்தது, எதைத் தடுத்து நிற்கிறது என்ற கணக்கு. இரண்டாவதிலிருந்து தொடங்குவோம்.

பதிவு எங்கிருந்து வந்தது

பழைய தஞ்சை ஜில்லாவின் பெரும்பகுதி ரயத்துவாரி, அதாவது ஜமீன்தார் இடையில் இல்லாமல் பட்டாதாரரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறை. அதனால் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் செய்த வேலையை இங்கே செய்யவில்லை. இங்கே நிலம் இருந்தது பட்டாதாரர்களான மிராசுதார்களிடமும், கோயில்களிடமும், தருமபுரம், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களிடமும். அவர்களுக்குக் கீழே குத்தகைக்கும், விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கும் உழுதவர்கள் ஒரு பகுதி. பரம்பரை பரம்பரையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள் இன்னொரு பகுதி. சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானோர் விவசாய சங்கம் கட்டிப் போராடியதன் விளைவாக 1944 மன்னார்குடி ஒப்பந்தமும், பின்னர் 1948 மாயவரம் ஒப்பந்தமும் வந்தன.

சட்டமாக வந்த முதல் பெரிய அடி, 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 20 மா அல்லது 6⅔ ஏக்கருக்கு, மேல் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தியது. குத்தகைதாரருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளுக்கு நாள் கூலியாக ஆணுக்கு 2 மரக்கால் நெல், பெண்ணுக்கு 1 மரக்கால் என்று வைத்தது. குத்தகைதாரர் இதனால் ஓரளவு ஊன்றிக்கொண்டார். பண்ணையாளின் கதை வேறாக முடிந்தது. பண்ணையாள் என்று பெயர் இருந்தால்தானே சட்டம் கேட்கும் என்று பல பண்ணைகள் ஆட்களை விலக்கிவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிக்கு அழைத்தன. கட்டு அறுந்தது, ஆனால் வருஷம் முழுக்க வேலை என்ற உறுதியும் சேர்ந்து அறுந்தது. பாதுகாப்பு ஒரு பெயருக்கு மட்டும் கிடைக்கும்போது அந்தப் பெயரை எடுத்துவிடுவதுதான் எதிர்த்தரப்பின் முதல் வேலை. இன்றைய வாய்க்குத்தகையும் இதே வழியில் வந்ததுதான்.

அடுத்து 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். குத்தகை கட்டாமல் இருப்பது, நிலத்தைப் பாழாக்குவது, சாகுபடி தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது போன்ற காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது என்றது. 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க்கு உடைமையாளர் பங்கை 40 சதவீதமாக்கியது. பின்னர் வந்த திருத்தம் அதை 25 சதவீதமாகக் குறைத்தது. ஆக உழுதவர் பங்கு 40, பிறகு 60, பிறகு 75 என்று ஏறியது. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இந்த எண்களை விடவும் பெரிய லாபம் ஒன்று உண்டு. குத்தகை "இவ்வளவு மூட்டை" என்று நின்றுவிட்ட நிலங்களில், விளைச்சல் கூடினால் கூடியதெல்லாம் உழுதவர் வீட்டுக்குப் போனது. 1960-இல் தஞ்சையில் தீவிர வேளாண் திட்டம் தொடங்கியது. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 நெல் ரகம் வந்தது. உரமும் குறுகிய வயது ரகமும் சேர்ந்து குறுவை மகசூலை ஏற்றின. பதிவும் நிலையான குத்தகையும் கையில் இருந்தவர்கள் அப்போது ஓட்டு வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். வாரத்துக்கு இருந்தவர்களுக்குப் பாதிதான் வந்தது. "நாங்களே பயிர் வைத்துக்கொள்கிறோம்" என்று உடைமையாளர்கள் நிலத்தைத் திரும்பப் பிடித்ததும் இதே ஆண்டுகளில்தான்.

அதைத் தடுக்க வந்தது 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். அதுவரை "இவர் என் குத்தகைதாரரே அல்ல, கூலி ஆள்" என்று சொன்னால் போதும். அதன் பிறகு தாசில்தார் அலுவலகப் பதிவேட்டில் சர்வே எண்ணோடு பெயர் ஏறியது. ஏறிய பெயரை மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

நில உச்சவரம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்து, 1960 ஏப்ரல் 6-ஐக் கணக்குத் தேதியாக்கியது. 1970 பிப்ரவரி 15 முதல் அது 15 தர ஏக்கரானது. அதற்குள் பாகப்பிரிவினைப் பத்திரங்களும், பினாமிப் பெயர்களும், அறக்கட்டளைகளும் வேலையை முடித்துவிட்டன. பொது அறநிலையங்களுக்கு விலக்கும் இருந்தது. தமிழகம் முழுவதற்குமாகச் சுமார் 2 லட்சம் ஏக்கர்தான் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மேடைகளில் அதிகம் பேசப்பட்டது உச்சவரம்பு. டெல்டா வயலில் அதிகம் வேலை செய்தது குத்தகைப் பதிவு. எங்கள் கருத்து இதுதான்.

கூலித் தொழிலாளிகளுக்கு அதற்கு இணையாக வேலை செய்தது குடியிருப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் மேல் விழுந்த கொடுமை அது. அந்நாளில் கூலிக்காரர் குடிசை நின்ற மனையே பண்ணையின் மனை. கூலி கேட்டால் அடுப்பையும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கியது. சில சென்ட் நிலம்தான். ஆனால் அதில் நின்றுகொண்டு "இந்தக் கூலிக்கு வர மாட்டோம்" என்று சொல்ல முடிந்தது.

வாய்க்குத்தகை, வாரம், ஒத்தி

இன்று புதிதாக நிலம் பிடிக்கிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாய்க்குத்தகைதான். மாவுக்கு இத்தனை மூட்டை, அல்லது அன்றைய விலைக்குப் பணம். காகிதம் கிடையாது. நான்கைந்து வருஷம் ஒரே ஆள் இருந்தால் பதிவு கேட்பார் என்ற பயத்தில் வயலை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள்.

இதில் உடனே வலிக்கும் இடம் அடங்கல், அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலரின் (வி.ஏ.ஓ.) அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் சிக்கல், பயிர்க் காப்பீடு சிக்கல், நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதும் சிக்கல். சம்பாவுக்குக் காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும். பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், ஆனால் சான்று கிடைக்காததால் கட்ட முடியாமல் போகிறது. வெள்ளம் வந்தால் நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடும். பி.எம். கிசான் பணம் எப்படியும் உடைமையாளருக்குத்தான், குத்தகைதாரருக்கு இல்லை. ஆகவே வாய்க்குத்தகை பேசும்போது மூட்டை எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பேசி முடியுங்கள்: அடங்கலில் சாகுபடிதாரர் என்று பெயர் ஏற உடைமையாளர் சம்மதிக்க வேண்டும். அதற்காக மாவுக்கு அரை மூட்டை கூடக் கேட்டாலும் கொடுப்பது தகும்.

வாரத்தைச் சிலர் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள், விளைந்தால்தானே பங்கு என்று. கணக்குப் பாருங்கள். கணக்குக்காக மாவுக்கு 60 கிலோ மூட்டையாக 12 மூட்டை விளைகிறது, செலவு 6 மூட்டைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். பாதி வாரம், செலவு முழுவதும் உங்களுடையது என்றால் மிஞ்சுவது பூஜ்யம். வைக்கோல்தான் மிச்சம். உரம், மருந்து, அறுவடை மெஷின் வாடகை மூன்றிலும் உடைமையாளர் பாதி ஏற்றால்தான் வாரம் ஒப்பும். சொல்லப்போனால் வாரத்துக்கு உடலுழைப்பு போட்டு உழுகிறவரும் சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரராகக் கோரலாம். இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

பணம் கொடுத்து, அது திரும்பும் வரை நிலத்தை அனுபவிக்கும் ஒத்திக்குப் பிடிப்பதானால் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், காலக்கெடு எழுதியிருக்க வேண்டும். வெள்ளைத்தாள் ஒத்தி வேண்டாம்.

பதிவை வைத்துக்கொள்வதானால்

பதிவு இருக்கிறது என்பதாலேயே பத்திரமாக இருக்கிறோம் என்று எண்ணக் கூடாது. பறிபோகும் வழிகள் மூன்று.

முதலாவது பாக்கி. குத்தகை கெடு தாண்டி ஒரு மாதத்துக்குள் கட்டப்படவில்லை என்றால் உடைமையாளர் வருவாய் நீதிமன்றத்துக்கோ வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடமோ போகலாம். சில உடைமையாளர்கள் வேண்டுமென்றே வாங்க மறுப்பார்கள், பாக்கி ஏறட்டும் என்று. அப்படி மறுத்தால் சும்மா இருக்காதீர்கள். மணியார்டரில் அனுப்புங்கள், திரும்பி வந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு மனுப் போட்டு வருவாய் நீதிமன்றத்திலேயே கட்டிவிடுங்கள். ரசீது வாங்கும்போது பசலி (வருவாய் ஆண்டு) எண், சர்வே எண், பரப்பு, எத்தனை மூட்டை அல்லது எவ்வளவு பணம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். தை, மாசியில் கட்டும் சம்பாக் குத்தகைக்கு ரசீதில் நடப்புப் பசலி எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "பாக்கிக்கு வரவு" என்று மட்டும் எழுதினால் பழைய வருஷத்துக்கு வரவு வைத்துவிட்டு நடப்புக்குப் பாக்கி காட்ட முடியும். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால் விகிதப்படி தள்ளுபடி கேட்க இடமிருக்கிறது. அந்த வருஷமே எழுத்தில் கேட்க வேண்டும், இரண்டு வருஷம் கழித்து வாயால் சொன்னால் செல்லாது.

இரண்டாவது வாரிசு. பதிவேட்டில் தாத்தா பெயர், உழுவது பேரன் என்று இருக்கும் நிலங்கள் ஏராளம். குத்தகை உரிமை வாரிசுகளில் சொந்த உடலுழைப்போ குடும்பத்தார் உழைப்போ போட்டுச் சாகுபடி செய்பவருக்குத் தொடரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பதிவேட்டு நகல், ரசீதுகள், அடங்கல் நகல்கள் ஆகியவற்றோடு தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். உடைமையாளருக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும், வி.ஏ.ஓ. அறிக்கை வரும், பிறகு உத்தரவு. பாதகமாக வந்தால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட அளவில் சீராய்வு. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் பெயரையும் பாசத்தில் சேர்த்துவிடுகிறார்கள். உழாதவர் பெயர் சேர்ந்தால் "சொந்தச் சாகுபடி இல்லை" என்று வாதாட அதுவே வழி கொடுக்கும். அண்ணனுக்குச் சேர வேண்டியதைத் தனியாகப் பேசித் தீருங்கள்.

மூன்றாவது உள்குத்தகை. பதிவு ஒருவர் பெயரில், வயலில் வேறொருவர். பதிவுக்காரர் இடையில் நான்கு மூட்டை எடுத்துக்கொள்வார். முன்பு மிராசுதார் செய்ததைச் சிறிய அளவில் செய்வதுதான் இது. சட்டத்தின் முன்னும் நிற்காது.

கோயில், மடத்து நிலமானால் கேள்வியே வேறு. அங்கே பங்கு கேட்டுப் பிரிக்க வழியில்லை. கோயில் நிலத்தை விற்றுப் பத்திரம் போட்டாலும் பதிவுத்துறை ஏற்காது, ஏற்றாலும் நிலைக்காது. அறநிலைய நிலங்களுக்கென 1961-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படியும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. ஆனால் உள்குத்தகை அங்கே பெருங்குற்றமாகப் பார்க்கப்படும், பாக்கியும் வேகமாக வழக்காகும். ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, வாரிசுப் பெயரை மாற்றிக்கொண்டு, நிலத்தை வைத்திருங்கள். கோயில் நிலத்தை எவராவது "பட்டா வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கா, பாதியா?

இனி தரகர் கேட்ட கேள்விக்கு வருவோம். 15 மா, அதாவது 5 ஏக்கர் பதிவுக் குத்தகை என்று எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன அதே கணக்கு: மாவுக்கு விளைச்சல் 12 மூட்டை, செலவு 6 மூட்டை. குத்தகை 25 சதவீதம் என்றால் மாவுக்கு 3 மூட்டை. மிச்சம் மாவுக்கு 3, ஆக 15 மாவுக்கு 45 மூட்டை.

மூன்றில் ஒரு பங்கு வாங்கினால் 5 மா சொந்தம். குத்தகை இல்லாததால் மாவுக்கு 6 மூட்டை மிச்சம், மொத்தம் 30. ஒரு போகத்துக்கு 15 மூட்டை நஷ்டம். பாதி வாங்கினால் 7½ மா, மிச்சம் 45. அதாவது சட்டப்படியான குத்தகை கட்டுகிறவருக்குப் பாதி நிலம்தான் சரிக்குச் சரி.

நடைமுறையில் பழைய பதிவுக் குத்தகைகள் பல இடங்களில் 25 சதவீதத்தை விடக் குறைவு. மாவுக்கு 1½ மூட்டைதான் கட்டுகிறீர்கள் என்றால் உங்கள் மிச்சம் 67½ மூட்டை. அதைச் சொந்த நிலத்திலிருந்து எடுக்க 11¼ மா வேண்டும், அதாவது முக்கால் பங்கு. குத்தகை எவ்வளவு குறைவோ, கேட்க வேண்டிய பங்கு அவ்வளவு அதிகம். மாறாக மாவுக்கு 4 மூட்டை கொடுத்துவரும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கே சரியாக வரும். உங்கள் ஊர் விளைச்சலையும் செலவையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். குறுவையும் தாளடியும் எடுக்கிற வயலுக்கு இரண்டு போகத்தையும் தனித்தனியே போடுங்கள்.

சொந்த நிலத்துக்கு மூட்டையில் வராத லாபங்கள் உண்டு: அடமானக் கடன், பி.எம். கிசான், பெண் பிள்ளைகளுக்கும் பங்கு எழுதும் உரிமை. உடம்பு முடியாமல் போனாலும் கைவிட்டுப் போகாது. பதிவோ உழைப்போடு கட்டுண்டது. அடுத்த தலைமுறையில் வயலில் இறங்க ஆளில்லாத வீட்டுக்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலே கிடைத்தாலும் பிரிப்பதே நல்லது. உழ ஆள் இருக்கும் வீடு பாதிக்குக் குறைந்து ஒப்ப வேண்டாம்.

பங்கு எவ்வளவு என்பதோடு எந்தப் பக்கம் என்பதும் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் வயலைக் குறுக்கே வெட்டினால் வாய்க்கால் பக்கத்துப் பாதி உடைமையாளருக்கும், கடைசிப் பாதி உங்களுக்கும் என்று வரும். பிறகு அவர் வயல் வழியாகத்தான் உங்களுக்குத் தண்ணீர், அவர் வரப்பு மேல்தான் உங்கள் அறுவடை மெஷின். வாங்குகிறவர் நாளை மனைப்பிரிவு போட்டு மண்ணைக் கொட்டினால் மடையும் போகும், வடிகாலும் போகும். நீளவாக்கில் பிரியுங்கள். இரு பங்கும் வாய்க்காலைத் தொட வேண்டும், இரு பங்கும் வடிகாலைத் தொட வேண்டும். முடியாவிட்டால் தண்ணீர் வழியும் மெஷின் போகும் பாதையும் அகலத்தோடு பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். சர்வேயரை வைத்துப் புலப்படத்தில் உட்பிரிவுக் கோடு போட்டு, கல் நட்ட பிறகு கையெழுத்துக்குப் போங்கள்.

கையெழுத்தில் வரிசை முக்கியம். பலரும் ஏமாறுவது இங்கே. "முதல்ல விட்டுக் கொடுத்த பத்திரம் போடுங்க, பட்டா மாறினதும் உங்க பங்கை எழுதறோம்" என்பார்கள். உங்கள் பங்குக்கான கிரயப் பத்திரம் முதலில் பதிவாக வேண்டும், அதே நாளில் அதற்குப் பின் உங்கள் விட்டுக்கொடுத்தல் பத்திரம். உடைமையாளரின் அக்கா தங்கைகள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் உங்கள் பங்கின் மேல் பாகவழக்கு வரும்.

விலைக்கு வாங்குவது

பதிவும் இல்லை, நிலமும் இல்லை, கூலிதான் என்ற குடும்பத்துக்குச் சட்டங்கள் விட்ட இடத்தில் வேறொரு வழி திறந்தது. சர்வோதயத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் உழுபவருக்கு நிலம் வாங்கித் தரும் லாப்டி அமைப்பைத் தொடங்கி, உடைமையாளரிடம் விலை பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, நாகை, திருவாரூர்ப் பகுதியில் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். உச்சவரம்புச் சட்டம் தொட முடியாத பண்ணைகளிலிருந்தும் இப்படி நிலம் வெளியே வந்தது.

இன்று அதற்கு அருகில் இருப்பது அரசின் ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகமான தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்களுக்கு நன்செய் 2½ ஏக்கர் வரை வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைக் கட்டணத்துக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. ஐந்து ஏக்கர் வாய்க்குத்தகையை விட ஒரு ஏக்கர் சொந்த நிலம் மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாய்மடைப் பக்கம் விலை எட்டாது. கடைமடையில் விலை குறைவாக இருக்கும், ஆனால் மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் குறுவைக்கு வந்து சேராத வயலும், உப்புத் தண்ணீர் ஏறும் வயலும் அங்கேதான் கலந்து கிடக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை வயலைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். குத்தகைப் பதிவு வில்லங்கச் சான்றில் வராது. அது தாலுகா அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். சர்வே எண்ணைக் கொடுத்து அதற்குத் தனியாக நகல் கேளுங்கள். கடந்த சில பசலிகளின் அடங்கலில் சாகுபடிதாரர் யார் என்றும் பாருங்கள். பட்டாதாரர் அல்லாத ஒரு பெயர் இருந்தால், அந்த வீட்டுக்குப் போய் அவர்களிடம் பேசிவிட்டு மற்ற காரியத்தைத் தொடங்குங்கள்.